ஓனரைப் பார்க்க விடாத புரோக்கர்

வீடு பார்க்க ஆரம்பித்து அது ஐந்தாவது மாதம். ஒரு சாயங்காலம், கால் மணி நேர இடைவெளியில், எங்கள் புரோக்கர் என் கணவருக்கும் எனக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். அவரிடம், "மேடத்துக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார், நீங்க யோசிக்கிறீங்களேன்னு வருத்தப்படுறாங்க" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம், "சார் மனசுல முடிவு பண்ணிட்டார் மேடம், நீங்க பயப்படுறீங்கன்னுதான் தயங்குறார்" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தை அவரிடம் சொன்னதே இல்லை. என் கணவரும் சொன்னதில்லை. அன்று இரவு நான் அவருக்காக விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு "சரி, வாங்கிடலாம்" என்றேன், அவரும் எனக்காக விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினார், மறுநாள் காலையில் டோக்கன் பணம் கைமாறிவிட்டது. அந்த இரண்டு போன்களைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதே மூன்று வாரம் கழித்துத்தான்.

அந்தப் பணம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது, அதுவும் முழுதாக வரவில்லை. அந்த வீட்டையும் வாங்கவில்லை.

வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், "ஆள் சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றுதான். பேச்சை வைத்தோ, உடையை வைத்தோ, வந்து இறங்கும் காரை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. எங்களிடம் வந்தவர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து நிற்பவர், மரியாதையாகப் பேசுபவர், மழை நாளில் என் மாமியாருக்குக் குடை பிடித்து மாடிவரை கூட்டிப்போனவர். ஆளைப் பார்த்து எடை போடுவதில் பயனே இல்லை. அவரோடு கழித்த மூன்று மாதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். அவர் செய்த ஒவ்வொரு வேலையும் யாரோ ஒருவரை இன்னொருவரிடம் பேச விடாமல் செய்யும் வேலையாகவே இருந்தது. ஓனரோடு நாங்கள் பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவில்லை, நாங்களாகத் தேடிய இன்ஜினியர் வீட்டுக்குள் வரவில்லை, கடைசியில் நானும் என் கணவரும்கூட அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இதை மட்டும் கவனித்திருந்தால் முதல் மாதமே விலகியிருப்போம்.

முதல் அறிகுறி அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே வந்தது. நாங்கள் போன் செய்தது ஆன்லைனில் அவர் போட்டிருந்த ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து. நல்ல வெளிச்சம், பெரிய பால்கனி, விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி. "அது நேத்துதான் முடிஞ்சுது மேடம், ஆனா அதைவிட நல்லதா ரெண்டு இருக்கு" என்றார். சரி, நல்ல வீடு சீக்கிரம் போவது இயல்புதானே என்று நினைத்தோம். பத்து நாள் கழித்தும் அதே படம் அதே விலையோடு இருந்தது. என் தோழி வேறு நம்பரிலிருந்து கேட்டபோது அவளுக்கும் அதே பதில், "நேத்துதான் முடிஞ்சுது." அப்படி ஒரு வீடு அந்த விலைக்கு எப்போதுமே இருந்ததில்லை என்பது என் ஊகம், அது ஆள் பிடிப்பதற்கான படம். அது தெரிந்த பிறகும் நாங்கள் அவரை விடவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தொடக்கத்திலேயே ஒரு சின்னப் பொய் சொன்னவர் பெரிய விஷயத்தில் உண்மை சொல்வார் என்று எதை வைத்து நம்பினோம்?

அப்புறம் அந்த "இன்னொரு பார்ட்டி". வீடு வாங்கப் போன எல்லோருக்கும் இந்தப் பார்ட்டியைத் தெரிந்திருக்கும். நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கும்போது அவருக்குப் போன் வரும். கொஞ்சம் தள்ளிப்போய்ப் பேசுவார், ஆனால் நமக்குக் கேட்கிற தூரத்தில்தான். "இல்லைங்க, இவங்க முடிவு தெரியாம நான் உங்களுக்குச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு வந்து, "சாயங்காலம் செக்கோட வர்றாங்களாம்" என்பார். உண்மையிலேயே வேறு ஆள் போட்டியில் இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான போட்டி இருக்கும்போது நேர்மையான ஏஜென்ட் உங்களுக்கு ஒரு தேதியும் ஒரு வழியும் சொல்வார், "இந்தக் கிழமைக்குள் உங்கள் விலையை எழுத்தில் கொடுங்கள், ஓனரிடம் இரண்டையும் வைக்கிறேன்" என்று. எங்கள் ஆளிடம் அவசரம் மட்டும்தான் இருந்தது. "சரி, எங்கள் விலையை மெசேஜில் அனுப்புகிறோம், ஓனரிடம் காட்டிப் பதில் வாங்கிக் கொடுங்கள்" என்று நான் கேட்டபோது, "மெசேஜெல்லாம் எதுக்கு மேடம், நான் பேசிக்கிறேன்" என்றார்.

இந்த "நான் பேசிக்கிறேன்" என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போது நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

அந்த வீட்டில் பின்பக்க அறையின் சுவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மற்ற அறைகளெல்லாம் பழைய பெயின்ட், லேசாக மங்கி இருந்தது. இந்த அறையில் மட்டும் ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும், புது பெயின்ட். மேலே பழையது, கீழே புதியது, நடுவில் ஒரு கோடு மெல்லியதாகத் தெரிந்தது. சுவரை ஒட்டி ஒரு பீரோ. நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன், மழையே இல்லாத வாரம், ஆனால் சுவர் சில்லென்று இருந்தது. விரலில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. "பசங்க கிறுக்கியிருந்தாங்க, அதனால அடிச்சிருக்காங்க" என்றார் புரோக்கர். எங்களுக்குத் தெரிந்த சிவில் இன்ஜினியரைக் கூட்டி வருகிறோம் என்றோம். அந்த வாரம் சாவி இல்லை. அடுத்த வாரம் ஓனர் ஊரில் இல்லை. அதற்கு அடுத்த வாரம், "எங்க இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், நானே அனுப்புறேன், உங்களுக்குச் செலவும் இல்ல" என்றார். அவர் அனுப்புகிற இன்ஜினியர் யாருக்காகப் பார்ப்பார்? இதை அப்போது நான் கேட்கவில்லை. வக்கீல் விஷயத்திலும் இதே கதைதான். கடன் வாங்கித் தருகிற ஆளும் அவருடைய ஆள்தான். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் ஆட்களை அனுப்பினால் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும், ஆனால் அந்த வியாபாரத்தில் நமக்காகச் சந்தேகப்பட ஒருவர்கூட இருக்க மாட்டார்.

டோக்கன் பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போட்டோம். ஓனர் வெளியூரில் இருக்கிறார், தன் கணக்கில் போட்டால் அன்றைக்கே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, "பேங்க்லதான் ரெக்கார்ட் இருக்கே" என்றார். பேங்க் ரெக்கார்டில் பணம் போனது தெரியும், எதற்குப் போனது, எந்த நிபந்தனையில் திரும்ப வரும் என்பது தெரியாது. அந்த இரண்டு வரியை எழுதி வாங்காததற்குத்தான் நாங்கள் நான்கு மாதம் அலைந்தோம்.

மூன்று வாரம் ஆகியும் ஒப்பந்தம் கைக்கு வரவில்லை. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரிடம் சொல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் அந்த வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வந்தோம் என்றதும், "இந்த ஒரு மாசமா நீங்க மட்டும்தானேம்மா வந்து போறீங்க" என்றார். ஓனர் வெளியூரிலெல்லாம் இல்லை, பத்து நிமிட தூரத்தில் இருந்தார், அந்த அம்மாவே போன் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெரியவர் வந்து எங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் எதிர்பார்த்த விலை எங்களிடம் சொன்ன விலையைவிடக் குறைவு. எங்கள் கமிஷனைத் தனியாகவும், இந்த வித்தியாசத்தைத் தனியாகவும் நடுவில் இருந்தவர் எடுத்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தார். அதைவிட, நாங்கள் மிகவும் குறைத்துக் கேட்பதாகவும், வேறு ஆளே வரவில்லை என்றும் சொல்லி அவரிடமும் விலையைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். பின்பக்கச் சுவரைப் பற்றி அந்தப் பெரியவரே சொன்னார், "பாத்ரூம் பைப் உள்ள கசியுதுப்பா, சரிபண்ற செலவைக் கழிச்சுக்கலாம்னு அவர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே." டோக்கன் பணம் அவர் கைக்குப் போகவே இல்லை.

அன்று திரும்பி வரும் வழியில்தான் என் கணவர் அந்தப் போனைப் பற்றிக் கேட்டார், "நீ அவர்கிட்ட வருத்தப்பட்டியா?" என்று.

ஏன் இப்படி நடக்கிறது என்று பிறகு நிறையப் படித்தேன், அதில் ஒரு கணக்கு எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டியது. ஏஜென்டுக்குக் கமிஷன் விலையில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பேரம் பேசி விலையை 5 சதவீதம் குறைத்தால் உங்களுக்கு நூற்றில் ஐந்து மிச்சம். அவருக்கு நூற்றில் 2 வந்திருக்க வேண்டியது 1.9 வரும், அவ்வளவுதான் இழப்பு. ஆக, உங்களுக்காகப் பேரம் பேசுவதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஆனால் நீங்கள் "வேண்டாம்" என்று எழுந்து போனால் அந்த 2-ம் மொத்தமாகப் போய்விடும். அவருடைய அவசரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. இது வெறும் ஊகமும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்களின் அதே மாதிரி வீடுகளைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். தன் வீடு என்றால் பொறுமை, அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். விற்பவர் மேல் விழுகிற அந்த அவசரம்தான் வாங்குகிற நம் மேலும் விழுகிறது.

அதனால் நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது, தொடக்கத்திலேயே ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், சோதனைக்காக இல்லை, உண்மையிலேயே பிடிக்காத ஒன்றை. காரணம் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்ததைத் தேடுகிறாரா, இல்லை முகம் மாறி, குற்ற உணர்வு வருகிற மாதிரி பேசி, உங்கள் வீட்டில் வேறு யாரிடமாவது போய் அதையே திரும்பப் பேசுகிறாரா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தால் அங்கே மக்கள் எதில் ஏமாந்தார்கள் என்று தெரிகிறது. சிங்கப்பூரில் வீடு விற்கும் வாங்கும் பணத்தை ஏஜென்ட் கையாளவே கூடாது, ஒரே வியாபாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஏஜென்டாக இருக்கவும் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்த இரட்டை வேலையை 2018 ஜூனில் அபூர்வமான சில சூழல்கள் தவிர முழுவதும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஆளைக் கவர்வதற்காகக் குறைந்த விலையைப் போடுவதைத் தடுக்க 2017-ல் விதி வந்தது, விளம்பரத்தில் விலை வரம்பு கொடுத்தால் மேல் விலைக்கும் கீழ் விலைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டமே, அந்தச் சொத்தில் ஏஜென்டுக்குச் சொந்த லாபம் ஏதாவது இருந்தால் பேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய கட்டுமானத் திட்டங்களில் வீடு விற்கும் ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும், எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டில் வாங்குகிறீர்களோ அங்கே என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் விதி இல்லாத இடத்திலும் இதே கேள்விகளை நாமே கேட்கலாம். பணம் யார் கைக்குப் போகிறது, நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள், இந்த வீட்டில் உங்களுக்கோ உங்கள் சொந்தக்காரருக்கோ பங்கு உண்டா, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறீர்களா, எவ்வளவு. உரிமம் அல்லது பதிவு இருக்கிற நாடு என்றால் அவர் காட்டுகிற அட்டையை நம்பாமல் அரசுப் பட்டியலில் நீங்களே நம்பரைப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பெண் ஏஜென்ட். முதல் சந்திப்பிலேயே, நாங்கள் கேட்காமலே, தனக்கு யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்றாவதாகக் காட்டிய வீடு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் அவரே, "அக்கா, இதை நீங்க ராத்திரி எட்டு மணிக்கு ஒருவாட்டி தனியா வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். போனோம். எதிரே இருந்த பட்டறையில் இரவு வேலை, மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அந்த வீட்டை விற்றிருந்தால் அவருக்கு அன்றைக்கே கமிஷன். பத்திரத்தில் ஒரு சந்தேகம் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுக்கா, உங்க வக்கீல்கிட்ட கேளுங்க, நான் சொல்றது தப்பாயிடும்" என்றார். "தெரியாது" என்று சொல்லத் தெரிந்த ஆளைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் நிம்மதியாக இருக்கிறது. முதலாமவர் எங்களிடம் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்ளலாம், காசு செலவு இல்லை, சண்டையும் இல்லை. ஏஜென்ட் போனில் என்ன சொன்னாலும், போனை வைத்ததும் அதை மெசேஜில் எழுதி அனுப்பிவிடுங்கள். "இன்று நீங்கள் சொன்னது: ஓனர் கேட்கும் விலை இவ்வளவு, கசிவு எதுவும் இல்லை, டோக்கன் பத்து நாளுக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்கும். சரிதானே?" அவ்வளவுதான். நேர்மையானவர் "ஆமாம்" என்பார், இல்லை "ரெண்டாவது பாயிண்ட்டை ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். மற்றவர் பதில் எழுதாமல் உடனே போன் செய்வார். எழுத்தில் வராத பேச்சு எத்தனை என்று ஒரு மாதம் எண்ணினால் போதும்.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். "பத்திரத்துல விலையைக் குறைச்சுக் காட்டலாம், மிச்சத்தை ரொக்கமாக் கொடுத்துடுங்க" என்றோ, "இந்த ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் நிரப்பிக்கிறேன்" என்றோ சொல்பவர் உங்களுக்கு நல்லது செய்கிற மாதிரிதான் பேசுவார். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு நாளைக்குத் தகராறு வந்தால் உங்களிடம் சாட்சி இல்லை, வரி அலுவலகம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அவர் இருக்க மாட்டார். மூன்றாவது ஆளை ஏமாற்ற உங்களைக் கூட்டுச் சேர்க்கிறவர், உங்களை ஏமாற்ற ஓனரையும் கூட்டுச் சேர்க்கத் தயங்க மாட்டார்.

என் சித்தி பெண் இப்போது வீடு தேடுகிறாள். போன வாரம் ஒரு இடம் பிடித்துப்போய், அவசரமாக டோக்கன் கொடுக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்வதாகப் போன் செய்தாள். ஓனரைப் பார்த்தாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். அவளை அந்த ஏஜென்டுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன்: "சனிக்கிழமை என் இன்ஜினியரோடு வருகிறேன், ஓனரும் இருந்தால் நேரில் பேசிவிட்டு அன்றைக்கே டோக்கன் கொடுத்துவிடுகிறேன்." பணம் கையில் ரெடியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நான்கு நாளாகப் பதில் இல்லை. நேற்று அவள் வேறு வீடு பார்க்கப் போனாள், அங்கே கதவைத் திறந்ததே ஓனர்தானாம்.